ஒரு வாய், இரண்டு ஆள்

ஒரு புதன்கிழமை காலை தயிர் வாங்கிக்கொண்டு மாடியேறி வந்த நயினாரை அவருடைய வீட்டுக் கதவே உள்ளே விட மறுத்தது.

கதவுக்கு முன்னால் நின்று வழக்கம்போல நாலு வார்த்தை பேசினார். "நாந்தானுங். தயிரு கெடச்சுது. கடையில கூட்டம், பாத்துக்கிடும்." கோயம்புத்தூரில் அந்த வருஷங்களில் எல்லாக் கதவும் பேச்சைக் கேட்டுத்தான் திறந்தன; பேருந்தும் ஆஸ்பத்திரியும் ஆளை அடையாளம் கண்டதும் அப்படித்தான். வாய்ச்சாவி என்று அதற்குப் பெயர். கதவு சற்று யோசித்துவிட்டு, செய்தி வாசிக்கிற தமிழில், "வணக்கம். தாங்கள் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறீர்கள்" என்றது.

நயினார் தம்மைக் குனிந்து பார்த்துக்கொண்டார். வேட்டி, சட்டை, தயிர்ப் பை எல்லாம் வெளியேதான் இருந்தன. "உள்ள இருக்கிறவன் கையில தயிரு எப்படி வரும்?" என்று கேட்டார். கதவு அதே வணக்கத்தைத் திரும்பச் சொன்னது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார். "ஏனுங், கதவுகூட எதுக்குச் சண்டை? மனுசங்ககூடக் கட்டறது பத்தலியா, பாத்துக்கிடும்."

இருவருக்கும் ஒன்பது வருஷப் பகை. நயினார் பாளையங்கோட்டைக்காரர். நூற்பாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மகளோடு இருக்கலாம் என்று மனைவி இசக்கியம்மாளுடன் சிங்காநல்லூருக்கு வந்து இந்த அடுக்ககத்தில் வீடு வாங்கினார். வாங்கிய மறு வருஷமே மகள் மெல்போர்னுக்குப் போய்விட்டாள். நாச்சிமுத்து பொள்ளாச்சிப் பக்கம். பம்புசெட்டு பழுது பார்க்கிற கடை வைத்திருந்து மூடியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நயினாரின் செருப்பு அலமாரி மாடிப்படி முகப்பில் ஒரு சாண் தம் பக்கமாக வந்துவிட்டது என்பது அவருடைய புகார். அந்த ஒரு சாணில் தொடங்கிய வழக்கு தண்ணீர் மோட்டாருக்குப் போய், கொடியில் காயும் துணிக்குப் போய், கடைசியில் காரணமே தேவைப்படாத நிலைக்கு வந்துவிட்டது.

பாளையங்கோட்டைச் சண்டையில் வாக்கியத்துக்கு ஒரு 'கேட்டீரா'வும் முடிவில் ஒரு 'பாத்துக்கிடும்'மும் விழும். நாச்சிமுத்துவின் சண்டை வேறு ஜாதி. 'உங்களுக்குக் கடுகளவாச்சும் அறிவு இருக்குதுங்களா' என்பார். திட்டு வாங்குகிறவருக்கு மாலை போட்டதுபோல இருக்கும். நயினார் வீட்டுக்குள் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அதை அப்படியே நடித்துக் காட்டுவார். 'அதென்னமோங், உங்க செருப்புக்கு என்ற ஊட்டு மேல ஆசைங்' என்று இழுப்பார். இசக்கி சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடிப்பாள். அவளைச் சிரிக்கவைக்க அதைவிடச் சுலபமான வழி அவருக்குத் தெரியாது. தினமும் செய்தார். நாலைந்து வருஷம் கழித்து ஒருநாள் காய்கறிக்காரரிடம், "இது முத்தலுங், அதென்னமோங் வேண்டாமுங்" என்று சொன்னபோது இசக்கி சிரிக்கவில்லை. அது நடிப்பாக இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

புதன்கிழமைக்கு வருவோம். கோயிலிலிருந்து இசக்கி வந்து இரண்டு வார்த்தை பேசியதும் கதவு திறந்தது. நயினாரை அவளுடைய விருந்தாளி என்று குறித்துக்கொண்டது. அன்று மாலை நாச்சிமுத்து மருந்து வாங்கப் போய்த் திரும்பியபோது அவர் வீட்டுக் கதவும் அதையே சொன்னது. தாங்கள் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறீர்கள். நயினார் அப்போது தம் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

வாய்ச்சாவி வாரியத்துக்கு இருவரும் தனித்தனியாகப் போகத்தான் முயன்றார்கள். முதலில் ஏறியவரைப் பேருந்து ஏற்றுக்கொண்டது. இரண்டாவது ஏறியவரிடம், "இந்தப் பயணி ஏற்கெனவே பயணத்தில் இருக்கிறார்" என்றது. கடைசியில் நடத்துநர் இருவரையும் ஒரே இருக்கையில் உட்காரவைத்து, ஒரு ஆளும் ஒரு சுமையும் என்று கணக்குக் காட்டினார். யார் சுமை என்பதில் டவுன்ஹால் வரை தகராறு.

வாரியத்தில் இருந்த அதிகாரி நிலோஃபர் சின்ன வயதுக்காரி. பொறுமையாகக் கேட்டாள்.

"குரலைத் திருடிடலாம் சார். முகத்தையும் திருடிடலாம். நீங்க என்ன பேசுவீங்கன்னுகூட மெஷினே எழுதிக் குடுத்துடும். ஆனா ஆக்சுவலா, நீங்க எந்த இடத்துல 'வந்து' போடுவீங்க, எங்க 'அப்பறம்'னு இழுப்பீங்க, எங்க சும்மா ஒரு 'சரி' சொல்லி மூச்சு விடுவீங்க, அது உங்களுக்கே தெரியாது. தெரியாததை யாரும் திருட முடியாது. அதனாலதான் அதைச் சாவியா வெச்சிருக்கோம்."

"சரிங். அதுக்கு?" என்றார் நயினார்.

"சரிங். அதுக்கு?" என்றார் நாச்சிமுத்து, ஒரு மூச்சு பிந்தி.

நிலோஃபர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுதான் சார் பிரச்சினை. அந்தச் சின்ன வார்த்தையெல்லாம் உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாயிடுச்சு. எவ்வளவு தடவை, எந்த இடத்துல, எந்த இழுப்பு, எல்லாமே. அதனால மெஷின் ரெண்டு பேரையும் ஒரே ஆளா சேத்துடுச்சு. ரொம்ப நெருங்கிப் பழகறவங்களுக்குத்தான் இப்படி ஆகும். ஒரே ரூம்ல இருக்கற பசங்க, புதுசா கல்யாணம் ஆனவங்க..."

"நெருங்கியா? இவருகூடயா?" என்று இருவரும் சேர்ந்தே கேட்டார்கள். பிறகு எவர் எவரைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டார் என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். நயினார் தம் சாப்பாட்டு நேரத்து நடிப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மேசை மேலிருந்த இயந்திரம் கேட்டதை எல்லாம் எழுதிக்கொண்டே வந்து, முடிவில், 'மனுதாரர் நீண்ட நேரமாகத் தமக்குத்தாமே சண்டையிட்டுக்கொள்கிறார். மனநல ஆலோசனை பரிந்துரைக்கப்படுகிறது' என்று ஒரு சீட்டைத் துப்பியது.

"ஒரு வழி இருக்கு," என்றாள் நிலோஃபர். "மூணு மாசம் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாது. ஒருத்தர் பேசறது இன்னொருத்தர் காதுல விழவே கூடாது. தானா பழைய பேச்சு திரும்பிடும். அப்பறம் தனித்தனியா அளந்து பிரிச்சுடலாம்."

"அது நமக்கு வரமுங்," என்றார் நாச்சிமுத்து. ஒன்பது வருஷத்தில் நயினார் அவரோடு ஒத்துப்போன முதல் சந்தர்ப்பம் அது.

வரம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரே ஆளாக இருப்பதால் வெளியே போனால் சேர்ந்துதான் போக வேண்டும். சேர்ந்து போனால் பேசக் கூடாது. நயினார் ரேஷன் கடை வரிசையில் நாச்சிமுத்துவின் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றார். நாச்சிமுத்து சர்க்கரைப் பையைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைப் பார்த்தார். ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். "ஏனுங், பையி தலைகீழாங்" என்று வாய் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது. மூன்று மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அடுத்த முறை நாச்சிமுத்து கெடுத்தார். அதற்கடுத்து யார் கெடுத்தார் என்பதே சண்டையாகி, அதனாலும் கெட்டது.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை. நாச்சிமுத்துவுக்குக் கண்ணில் புரை முற்றியிருந்தது. அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். நயினார் சுமையாகக் கூட வந்து உட்கார்ந்திருந்தார். வரவேற்பில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் போன வருஷமே ரெண்டு கண்ணும் முடிஞ்சுதுங்களே ஐயா" என்றாள்.

"அது என்ற கண்ணுங்," என்றார் நயினார்.

"அதாங்க. ஒருத்தருக்கு ரெண்டு கண்ணுதான். மூணாவது கண்ணுக்கு அனுமதி வராதுங்க."

நாச்சிமுத்து மெல்ல எழுந்தார். "எனக்கு மூணாவது கண்ணு இருந்திருந்தா இந்நேரம் இந்த ஆஸ்பத்திரி சாம்பலாப் போயிருக்கும், பாத்துக்கிடும்மா," என்று சொல்லிவிட்டு, வாசல் என்று நினைத்துக் கண்ணாடிச் சுவரை நோக்கி நடந்தார். நயினார் அவர் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார். அன்றிலிருந்து படியிறங்கும்போதெல்லாம் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே சண்டையும் போட்டார். "இன்னும் ரெண்டு படிங். அந்த மோட்டார ராத்திரி பூரா ஓட விட்டது நீங்கதானுங். இன்னொரு படிங்."

கண்ணுக்காக வாரியத்தில் மேல்முறையீடு செய்தார்கள். விசாரணை நாளன்று பேருந்தில் வழக்கமான இருக்கை. உக்கடத்தில் இறங்கி நடப்பதா, டவுன்ஹால் வரை போவதா என்று பேச்சு வந்தது.

"டவுன்ஹால்ல எறங்கினா ரோட்டைத் தாண்டணும், கேட்டீரா. எனக்குக் கண்ணு தெரியாது," என்றார் நாச்சிமுத்து.

"நானு எதுக்கு இருக்கறனுங்? அதென்னமோங், உக்கடத்துல எறங்கினா அந்த வெயில்ல யாரு நடக்கறது? உங்களுக்கு ரோசனையே கெடையாதுங்."

பதில் வரவில்லை. தாம் ஜெயித்துவிட்டதாக நயினார் நினைத்தார். ஒன்பது வருஷத்தில் நாச்சிமுத்து பதில் சொல்லாமல் விட்டதே இல்லை. உக்கடம் போய், டவுன்ஹாலும் வந்தது. "எறங்குங்," என்று முழங்கையைப் பிடித்தபோதுதான் அது வேறு மாதிரி கனத்தது.

தகன மேடையில் நாச்சிமுத்துவின் உடலை வாங்க மறுத்தார்கள். மயானத்து இயந்திரம், "இந்த நபர் இன்று முற்பகல் இந்த வளாகத்தில் பேசியிருக்கிறார்" என்றது. பேசியவர் நயினார். பிணவண்டிக்காரரிடம் வழி சொன்னதுதான் அவர் செய்த குற்றம். கனடாவில் இருந்த நாச்சிமுத்துவின் அண்ணன் மகன் திரையில் வந்து, "நீங்களே எல்லாம் பாத்துக்கோங்க மாமா" என்று சொல்லிவிட்டு மறைந்தான்.

நயினார் நிலோஃபரிடம் ஓடினார். அவள் முகம் வாடியிருந்தது.

"பிரிச்சுப் பதியணும்னா ஆய்வுக்கு மூணு மாசம் ஆகும் சார்."

"மூணு மாசம் அவர எங்க வெக்கறதுங்?"

"இல்லன்னா ஒண்ணாவே மூடிடலாம். இறந்தது அந்த ஒரே ஆளுன்னு பதிஞ்சா உடனே சான்றிதழ் வந்துடும். ஆனா சார், அப்ப நீங்களும்..."

"நானும் செத்தவனுங்."

"பதிவேட்டுல மட்டும்."

அவரோடு வந்திருந்த இசக்கி முன்னால் வந்தாள். "அப்ப நான் தாலியக் கழட்டணுமாம்மா?" என்று கேட்டாள். "நான் கழட்ட மாட்டேன், பாத்துக்கிடுங்க," என்று இசக்கி நயினாரிடம் சொன்னாள். "நீங்க போய்ச் செத்துட்டு வாங்க. அந்த மனுசன எத்தன நேரம் வெயில்ல போட்டு வைக்கிறது?"

அப்படித்தான் நயினார் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் இறந்து, தமக்குத்தாமே கொள்ளி வைத்துவிட்டு வீடு திரும்பினார். அடுக்ககச் சங்கம் வாசலில் இரங்கல் தட்டி வைத்தது. பதிவேட்டிலிருந்து எடுத்ததால் அதில் இரண்டு படமும் இருந்தன. கீழ் வீட்டுக்காரர் நயினாரிடமே வந்து, "ரொம்ப வருத்தமா இருக்குதுங்க" என்றார். யாருக்காக என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

செத்தபின் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. பேருந்தில் அவர் முழுச் சுமை. வீட்டில் இசக்கியின் நிரந்தர விருந்தாளி. ஆனால் அவருக்குப் பேச ஆள் இல்லாமல் போயிற்று. செருப்பு அலமாரியை ஒருநாள் முழுதாக அந்தப் பக்கமே தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. மறுநாள் அவராகவே திருப்பி இழுத்து வைத்தார். சாப்பிடும்போது இசக்கி எதையாவது சொல்வாள். "ம்" என்பார். நாளாக ஆக அவளும் குறைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கியபோது நிலோஃபர் கூப்பிட்டு அனுப்பினாள். இருவர் பேச்சையும் பிரித்துப் பார்க்கிற ஆய்வு முடிந்திருந்தது. நயினார் தம்மை உயிர்ப்பிக்கப் போகிறார்கள் என்று துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார்.

"கொஞ்ச நேரம் ஏதாவது பேசுங்க சார். எதைப் பத்தி வேணும்னாலும்," என்று ஒலிவாங்கியை முன்னால் வைத்தாள்.

எதைப் பற்றிப் பேசுவார்? நாச்சிமுத்துவைப் பற்றித்தான் பேசினார். அந்த ஒரு சாணைப் பற்றி, சர்க்கரைப் பையைப் பற்றி, மூன்றாவது கண்ணைப் பற்றி. நிலோஃபர் திரையைப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"சார், இது ஆக்சுவலா எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எதிரெதிரா வர்ற ரெண்டு ரயிலு ஒரு ஸ்டேஷன்ல பக்கத்துல பக்கத்துல நிக்கும்ல? அந்த நேரத்துல பாத்துட்டு மெஷின் ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிடுச்சு. ஆனா நீங்க ரெண்டு பேரும் அந்த ஸ்டேஷன்ல நிக்கல. தாண்டிப் போயிட்டீங்க. கடைசி நாள்ல பஸ்ஸுல பதிவான பேச்சுல 'கேட்டீரா', 'பாத்துக்கிடும்' எல்லாம் அவர் வாயிலதான் இருந்துருக்கு. உங்ககிட்ட அது ஒண்ணுகூட மிச்சம் இல்ல. நீங்க பேசறது முழுக்க முழுக்கப் பழைய நாச்சிமுத்து."

"அதனால என்னங்?"

"பிரிச்சுப் பாத்தா, பதிவேட்டுப்படி செத்தது நயினார், சார். நாச்சிமுத்து உயிரோட இருக்கார். எதிர்ல உக்காந்திருக்கார்."

நயினார் ஒலிவாங்கியைத் தள்ளி வைத்தார். "சரிங்," என்றார். அதைத் தவிர எதைச் சொன்னாலும் அவள் சொன்னதை நிரூபிப்பதாகத்தான் ஆகும் என்று அவருக்குத் தோன்றியது.

மாடியேறி வந்தவர் தம் வீட்டுக் கதவுக்கு முன் நிற்கவில்லை. கால் தானாகப் பக்கத்து வீட்டுக் கதவுக்குப் போயிற்று. "நாந்தானுங்," என்றார். "வணக்கம், நாச்சிமுத்து," என்று கதவு திறந்துகொண்டது.

ஒன்பது வருஷத்தில் அவர் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. பம்பு சாமான்கள் குவிந்து கிடக்கும் என்று நினைத்திருந்தார். கூடம் பெருக்கித் துடைத்ததுபோலக் காலியாக இருந்தது. தொலைக்காட்சிமேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. ஒரே ஒரு வயர் நாற்காலி, சுவரைப் பார்த்தபடி, சுவரை முட்டிக்கொண்டு கிடந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நயினாரின் சாப்பாட்டு மேசை.

உட்கார்ந்தார். வயர் தளர்ந்து குழிந்திருந்தது. அடுத்த நொடியே அந்தப் பக்கம் இசக்கி தட்டைக் கழுவி வைக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ரேடியோவில் வைத்தாற்போல. அப்போதுதான் நயினாருக்கு உறைத்தது. தாம் நடித்துக் காட்டிய ஒவ்வொரு 'அதென்னமோங்'கும், இசக்கியின் ஒவ்வொரு சிரிப்பும், அவள் புரையேறித் தண்ணீர் குடித்ததும், எல்லாம் இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கேட்டுவிட்டு நாற்காலியை நகர்த்தாமல் வைத்திருந்திருக்கிறார் மனிதர்.

அந்தப் பக்கம் இசக்கி தனியாகப் பேச ஆரம்பித்தாள். அவள் தனியாகப் பேசுவாள் என்பதே அவருக்கு இத்தனை வருஷம் தெரியாது.

"சரி," என்றாள். தண்ணீர் ஓடியது. "ஆமா... அப்ப... என்னமோ போ." ஒரு பாத்திரம். "இருக்கட்டும். என்ன செய்ய?" அவ்வளவுதான். அதில் ஒரு சேதியும் இல்லை. சேதிக்கு முன்னாலும் பின்னாலும் வைக்கிற வார்த்தைகள் மட்டும், நடுவில் ஒன்றும் இல்லாமல், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன.

நயினார் சுவருக்கு வாயைக் கொண்டுபோனார். "அப்பறமுங்?" என்றார்.

அந்தப் பக்கம் குழாய் நின்றது. பயந்துவிட்டாளோ என்று அவர் எழப் போனார்.

"அவரும் இப்படித்தான் கேப்பாரு," என்றாள் இசக்கி. குரல் சுவருக்கு வெகு அருகில் இருந்தது. "நீங்க தயிரு வாங்கப் போற நேரம். அப்பறமுங், அப்பறமுங்னு. நானும் வாய்க்கு வந்ததச் சொல்லிக்கிட்டு இருப்பேன். நம்ம ஊர்ப் பேச்செல்லாம் அண்ணாச்சி அப்படித்தான் பழகினாரு, பாத்துக்கிடுங்க. உங்ககிட்டச் சொல்லணும்னு நெனப்பேன். அவரு வேண்டாம்னுட்டாரு. சொன்னா, சண்டை போடுறத நிறுத்திருவீங்களாம்."

நயினார் குழிந்த நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். சொல்ல வேண்டியது, கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. கோபம்கூட எங்கோ ஒரு மூலையில் இருந்தது. எதை எடுப்பது என்று தெரியாமல், வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"அப்பறமுங்?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபட்டது.

"அப்பறம் என்ன," என்று இசக்கி ஆரம்பித்தாள்.